நியாயாதிபதி கடவுளல்ல

(புதுச்சேரியில் தோழர்கள் கூட்டிய கூட்டமொன்றில் "சிவில் கோர்ட்டுகளும் ஜட்ஜுகளும்" என்னும் பொருள் பற்றிச் செய்த சொற்பொழிவு)



சிவில் கோர்ட்டுகளில் எத்தனை வகை ஜட்ஜுகள் இருக்கிறார்கள், அவரவர் வேலை என்ன என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். இது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, சுயமரியாதைக்காரனுக்கு இதில் என்ன ஜோலி என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்குத் தெரிந்தவரை நமக்குத்தான் இதில் ஜோலி அதிகம். வீட்டுச் சுவர் தகராறு, கொடுத்த கடன், அப்பன் சொத்தில் பெண்ணுக்குள்ள பங்கு, புருஷன் விட்டு ஓடிய மனைவிக்குச் ஜீவனாம்சம், குடியிருக்கும் வீட்டை விட்டுத் துரத்துதல் ஆகிய இவையெல்லாம் சிவில் வழக்குகள். கொலையும் கொள்ளையும் நம்மில் வெகு சிலருக்குத்தான் வரும். சிவில் வழக்கோ பிறந்தவன் எவனுக்கும் வரும். செத்த பிறகும் அவன் பிள்ளைகள் தலையில் வரும்.

அப்படி வரும்போது நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் ஜோசியனிடம் போகிறார்கள். பிறகு நாள் பார்த்துப் பிராது கொடுக்கிறார்கள். வாய்தா அன்று காலையில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறார்கள். பிரதிவாதியும் அதே பிள்ளையாருக்கு அதே தேங்காயைத்தான் உடைக்கிறான். இரண்டு பக்கத்தாரிடமும் காய் வாங்கிக்கொண்ட சாமி எந்தப் பக்கம் சொல்லும்? சாமி செய்யும் இதே காரியத்தை ஒரு குமாஸ்தா செய்தால் லஞ்சம் என்று பிடித்து உள்ளே போடுகிறோம்!

இவ்வளவும் செய்கிறவனைப் பார்த்து, "உன் வழக்கு எந்த ஜட்ஜிடம் இருக்கிறது? அவருக்கு எதுவரை அதிகாரம்? தோற்றால் அடுத்து எங்கே போவாய்?" என்று கேட்டால், "அதெல்லாம் வக்கீல் ஐயாவுக்குத் தெரியும்" என்கிறான். கடவுளைப் பற்றிக் கேட்டால் புரோகிதருக்குத் தெரியும் என்பதற்கும், சட்டத்தைப் பற்றிக் கேட்டால் வக்கீலுக்குத் தெரியும் என்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒரே அடிமைப் புத்திதான்.

ஆகவே எந்த ஜட்ஜைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்கப் பழக வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. முதலாவது, அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? இரண்டாவது, அவர் கையில் இருக்கும் சட்டம் யார் செய்த சட்டம்? மூன்றாவது, அவர் தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் திருத்துவதற்கு மேலே யார்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தவன் ஜட்ஜுக்குப் பயப்படவும் மாட்டான். ஜட்ஜைக் கும்பிடவும் மாட்டான்.

பழங்காலத்து நீதி

நம் பண்டிதர்கள் பழைய காலத்து நீதியைப் பற்றி வெகு பெருமையாகப் பேசுவார்கள். மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லுவார்கள். சென்னை ஹைகோர்ட்டிலும் அந்தச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. கதைப்படி அங்கே நடந்த விசாரணை என்ன? கன்று தேர்க்காலில் தானாக விழுந்ததா, தேரை வேண்டுமென்று ஓட்டினானா என்று சாட்சி விசாரித்ததுண்டா? பிள்ளையின் வாக்குமூலம் உண்டா? மணி அடித்தது, தீர்ப்பு ஆயிற்று, தண்டனையும் ஆயிற்று. கடைசியில் சிவபெருமான் வந்துதான் கன்றையும் பிள்ளையையும் பிழைக்க வைக்க வேண்டியதாயிற்று. பாண்டியன் கதை இன்னும் மோசம். தட்டான் ஒருவன் சொன்ன சொல்லே போதுமென்று கோவலன் தலை போயிற்று. தப்பு என்று தெரிந்ததும் ராஜா செத்தான், ஊரும் எரிந்தது. மேலே அப்பீல் கேட்க ஒருவர் இருந்திருந்தால் கோவலனும் பிழைத்திருப்பான், பாண்டியனும் பிழைத்திருப்பான், மதுரையும் தப்பியிருக்கும்.

இவை கதைகள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மனுதர்மத்தைக் கதை என்று சொல்ல முடியாதல்லவா? அதன் எட்டாவது அத்தியாயம் விவகாரங்களைப் பற்றியது. ராஜா தானே விசாரிக்க முடியாதபோது பிராமணனை நியமிக்கலாம், பிறப்பினால் மட்டும் பிராமணனாயிருப்பவன்கூடத் தர்மம் சொல்லலாம், சூத்திரன் ஒருநாளும் சொல்லக்கூடாது என்கிறது. சூத்திரன் நியாயம் சொல்லும் ராஜ்யம் சேற்றில் விழுந்த பசுவைப்போல் அமிழ்ந்து போகும் என்றும் பயமுறுத்துகிறது. சாட்சி பொய் சொல்லுகிறானா என்று பார்க்க நெருப்பையும் தண்ணீரையும் பரீட்சையாக வைக்கிறது. நம் மூன்று கேள்விகளுக்கும் மனு சொல்லும் விடை இதுதான்: ஜட்ஜை உட்கார வைப்பது பிறப்பு, சட்டம் ரிஷிகள் செய்தது, மேலே அப்பீல் கேட்பது மோட்சத்திலோ நரகத்திலோ!

கும்பினியார் காலம்

இனி நம் புதுச்சேரிக்கு வருவோம். வெள்ளைக்காரன் வந்தவுடன் நியாயம் வந்துவிட்டது என்று நினைப்பதும் தப்பு. இங்கே 1701-ம் வருஷத்தில் பிரஞ்சு ராஜாவின் உத்தரவினால் மேலான கௌன்சில் என்ற ஒன்று ஏற்பட்டது. கவர்னரும் கும்பினி உத்தியோகஸ்தர்களும் அதில் அங்கத்தினர்கள். காலையில் துணி வியாபாரம் பேசுகிறவர்கள் பிற்பகலில் நியாயம் சொல்லுவார்கள். சிவிலுக்கும் கிரிமினலுக்கும் அதுவே கோர்ட்டு.

அந்தக் கோர்ட்டின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள நயினியப்ப பிள்ளை வழக்கு ஒன்றே போதும். அவர் கும்பினியின் பெரிய தரகர், பெரும் பணக்காரர். அவர் கிறிஸ்தவராகாமல் அந்தப் பதவியில் இருப்பது ஜேசு சபைப் பாதிரிகளுக்குப் பொறுக்கவில்லை. 1716-ல் கவர்னர் எபேர் அவரைக் கைது செய்வித்தார். எந்தக் கவர்னர் கைது செய்வித்தாரோ அதே கவர்னரே கௌன்சிலில் தலைமை வகித்து விசாரித்தார். சவுக்கடி, சிறை, அபராதம், நாடு கடத்தல் எல்லாம் விதித்தார்கள். 1717-ல் நயினியப்ப பிள்ளை சிறையிலேயே மாண்டார். அவர் பிள்ளைகளும், சில பிரஞ்சு வியாபாரிகளும் பிரான்சு வரைக்கும் மனுப்போட்டு வாதாடியதன் பேரில், அவர் செத்த பிறகு அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. சிறையில் செத்தவனுக்கு ரத்துப் பத்திரத்தால் என்ன லாபம்? பிராது கொடுப்பவனும் பிடிப்பவனும் தீர்ப்புச் சொல்லுபவனும் ஒருவனாகவே இருந்தால், அவன் கறுப்பனானாலும் வெள்ளையனானாலும் பலன் இதுதான். தனக்குச் சம்பந்தமுள்ள வழக்கைத் தானே விசாரிக்கக்கூடாது என்ற விதி இன்று எல்லா நாகரிக நாடுகளிலும் இருக்கிறதென்றால், இப்படிச் செத்தவர்கள் எத்தனையோ பேருடைய சாம்பலின்மேல்தான் அது கட்டப்பட்டிருக்கிறது.

நம் ஜனங்களுக்குள் வரும் கடன், பங்கு, வாரிசு வழக்குகளுக்கெனச் சாவடிக் கோர்ட்டு என்று ஒன்று இருந்தது. அதன் 1766 முதல் 1817 வரையிலான தீர்ப்புகள் இன்று புத்தகமாக அச்சாகியிருக்கின்றன. பிறகு 1819-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி ஒரு உத்தரவு வந்தது. பிரான்சு தேசத்துச் சட்டங்கள் இனி இங்கேயும் அமல் என்று அந்த உத்தரவு சொல்லிற்று. ஆனால் இந்தியர்களை மட்டும், அவர்கள் இந்துவானாலும் முஸ்லீமானாலும் கிறிஸ்தவரானாலும், அவரவர் ஜாதியின் சட்டப்படியும் வழக்கப்படியுமே விசாரிக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. அந்த ஜாதி வழக்கம் எது என்று பிரஞ்சு ஜட்ஜுக்கு எப்படித் தெரியும்? அதற்காக 1827-ல் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கொண்டு ஒரு ஆலோசனைக் கமிட்டியை ஏற்படுத்தினார்கள். சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகத்துக்கே முழங்கிய பிரான்சு தேசம் கப்பல் ஏறி நம் கரைக்கு வந்தவுடன், "உன் ஜாதி என்ன? உன் ஜாதி வழக்கம் என்ன?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தவர் வெள்ளைக்கார ஜட்ஜ். அவர் கையில் இருந்ததோ ஜாதிச் சட்டம்.

சப்பாத்து வழக்கு

இருந்தாலும் பிரஞ்சுக்காரர் ஏற்படுத்திய கோர்ட்டுகளில் ஒரு ஏணி இருந்தது. கீழே சமாதான நீதிபதி. சின்ன வழக்குகளைக் கேட்பதும், சண்டைக்காரர்களை முதலில் சமாதானப்படுத்திப் பார்ப்பதும் அவர் வேலை. அவருக்கு மேல் முதல்நிலைக் கோர்ட்டு. அதற்கு மேல் அப்பீல் கோர்ட்டு. எல்லாவற்றுக்கும் மேலே பாரிசில் கசாசியோன் என்ற பெரிய கோர்ட்டு. அந்தப் பாரிசுக் கோர்ட்டு வழக்கை முதலிலிருந்து விசாரிக்காது; சாட்சியைக் கூப்பிடாது. கீழ்க் கோர்ட்டு சட்டத்தை மீறியதா என்று மட்டும் பார்த்து, மீறியிருந்தால் தீர்ப்பை உடைத்துவிடும்.

இந்த ஏணியினால் ஒரு தமிழனின் சுயமரியாதை பிழைத்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி பிள்ளை என்ற புதுச்சேரி வக்கீல் 1873-ல் காலில் மேஜோடும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். இந்தியன் வெறுங்காலோடு வர வேண்டும் என்பது இங்கே இருந்த வழக்கம். வெள்ளைக்கார வக்கீல் பூட்ஸோடு வரலாம். அதே சட்டத்தைப் படித்த கறுப்பு வக்கீல் வரக்கூடாது! ஜட்ஜ் ஆட்சேபித்தார். பொன்னுத்தம்பி பிள்ளை சப்பாத்தைக் கழற்றவில்லை. பாரிசு வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார்.

காலில் போடும் தோல் எவ்வளவு அற்பமான பொருள்! ஆனால் அதைக் கழற்றச் சொல்லும்போது மனிதனையே கழற்றச் சொல்லுகிறார்கள். நம் கிராமங்களில் மேல்ஜாதித் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னதும் இதே நோக்கத்தினால்தான். பொன்னுத்தம்பி பிள்ளை அத்துடன் நிற்கவில்லை. ஜாதிச் சட்டம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிரஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்பும் இந்தியர்களுக்கு வழிசெய்யும் உத்தரவு 1881-ல் பிறந்தது. அவர் அப்படியே எழுதிக் கொடுத்து, "வாசல்" என்று பொருள்படும் லப்போர்த் என்ற பெயரை வைத்துக்கொண்டார். அப்படிச் செய்தவர்களின் சந்ததியார் "ரெனோன்சான்" என்ற பெயரால் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாரிசு வழக்கு வந்தால் இன்றைக்கும் புதுச்சேரி ஜட்ஜ் பிரஞ்சு சிவில் சட்டத்தைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும். ரிஷிகள் செய்தது, அனாதியானது, மாற்ற முடியாதது என்று சொல்லப்பட்ட சட்டத்தை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கழற்றிப் போட முடிந்ததா இல்லையா? வானமும் இடிந்து விழவில்லை, கடலும் பொங்கவில்லை.

இன்றைய ஏணி

1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962-ல் சட்டப்படி முழுவதும் சேர்ந்தது. அந்த வருஷம் முதல் நம் கோர்ட்டுகளுக்கு மேலே சென்னை ஹைகோர்ட்டு. காரைக்காலுக்கும் அதுவே, மலையாளக் கரையிலுள்ள மாஹேவுக்கும், ஆந்திரக் கரையிலுள்ள ஏனாமுக்கும் அதுவே. 1966-ல் புதுச்சேரிக்கென்று ஒரு சிவில் கோர்ட்டுச் சட்டம் ஏற்பட்டது. 1968-ல் 1908-ம் வருஷத்து இந்திய சிவில் நடைமுறைச் சட்டம் முதலியவை இங்கே நீட்டப்பட்டன.

இப்போது ஏணியைப் பார்ப்போம்.

முதல் படி முன்சீப். இப்போது இளநிலைச் சிவில் நீதிபதி என்றும் சொல்லுகிறார்கள். குறைந்த மதிப்புள்ள வழக்குகள் அவருக்கு. ஒரு வழக்கை விசாரிக்க அதிகாரமுள்ள கோர்ட்டுகளில் எது தாழ்ந்ததோ அதில்தான் போட வேண்டும் என்பது சட்டம். எனவே ஏழையின் வழக்கு பெரும்பாலும் இவரிடம்தான் ஆரம்பிக்கும். நம்மவர்கள் முன்சீப்பைச் சின்ன ஜட்ஜ் என்று அலட்சியமாக நினைக்கிறார்கள். இது பெரிய தப்பு. சாட்சியை நேரில் பார்ப்பவர் அவர். பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பவர் அவர். அங்கே காட்டாத பத்திரத்தை, "மேலே போய்க் காட்டிக்கொள்ளலாம்" என்று பெட்டியில் வைத்திருந்தால், மேல் கோர்ட்டில் அதைச் சுலபமாக வாங்கமாட்டார்கள். அஸ்திவாரம் போடும் கொத்தன் அவர்தான்.

இரண்டாவது படி சப் ஜட்ஜ், அதாவது சார்பு நீதிபதி. அதிக மதிப்புள்ள வழக்குகளை அவர் நேராக விசாரிப்பார். முன்சீப் தீர்ப்பின்மேல் வரும் அப்பீலையும் கேட்பார்.

மூன்றாவது படி ஜில்லா ஜட்ஜ். ஜில்லாவில் சிவில் பக்கத்துக்குத் தலைவர் அவர். பெரிய வழக்குகளும் அப்பீல்களும் அவரிடம் வரும். கீழ்க் கோர்ட்டுகளை மேற்பார்வை செய்வதும், ஒரு கோர்ட்டில் நியாயம் கிடைக்காது என்று காரணம் காட்டினால் வழக்கை இன்னொரு கோர்ட்டுக்கு மாற்றுவதும் அவர் அதிகாரத்தில் உண்டு. அவரே கிரிமினல் வழக்கைக் கேட்கும்போது செஷன்ஸ் ஜட்ஜ் என்று பெயர். மனிதர் ஒருவர்தான், தொப்பிதான் இரண்டு. வேலை அதிகமாயிருந்தால் அடிஷனல் ஜில்லா ஜட்ஜுகளும் இருப்பார்கள்.

நான்காவது படி ஹைகோர்ட்டு. முதல் அப்பீலில் சங்கதிகளையும் சட்டத்தையும் இரண்டையுமே மறுபடி ஆராயலாம். இரண்டாவது அப்பீலில் அப்படியில்லை. முக்கியமான சட்டப் பிரச்னை இருந்தால்தான் அது எடுபடும். அவன் பொய் சொன்னான், இவன் நிஜம் சொன்னான் என்று அங்கே போய் அழுவதில் பயனில்லை. முன்னே சொன்ன பாரிசுக் கோர்ட்டும் ஏறக்குறைய இப்படித்தான். இது தெரியாமல் ஹைகோர்ட்டுக்குப் போவேன் என்று நிலத்தை விற்று நாசமானவர்கள் எத்தனை பேர்! கடைசிப் படி டெல்லியில் உள்ள சுப்ரீம் கோர்ட்டு. 1949 வரையில் அந்தப் படி லண்டனில் பிரிவி கௌன்சிலாக இருந்தது.

இந்த ஏணிக்குப் பக்கத்திலே தனிக் காரியங்களுக்கென்று சில ஜட்ஜுகள் உண்டு. விவாகம், விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் இருப்பது என்பவைகளுக்கு 1984-ம் வருஷத்துச் சட்டப்படி குடும்பக் கோர்ட்டு ஜட்ஜ். சமாதானம் செய்து பார்க்க வேண்டியது அவருடைய முதல் கடமை. ஆனால் உதைக்கிற புருஷனோடு போய் வாழு என்று பெண்ணைத் தள்ளிவிடுவதற்குச் சமாதானம் என்று பெயரல்ல. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடக்கும் தகராறுக்குத் தொழிலாளர் கோர்ட்டு. மோட்டார் விபத்தில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்க ஒரு தனி டிரிபியூனல். லோக் அதாலத் என்பது இரு கட்சியும் சம்மதித்தால் தீர்ப்பது. அதில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. ஆகையால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தீர்ப்பு வந்தவுடன் காரியம் முடிந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். ஜட்ஜின் வேலையில் பாதிதான் டிக்ரி கொடுப்பது. அதை நிறைவேற்றுவது மறுபாதி. இந்தியாவில் வழக்காடுகிறவனுக்குக் கஷ்டம் டிக்ரி வாங்கிய பிறகுதான் ஆரம்பமாகிறது என்ற கருத்தை பிரிவி கௌன்சிலே 1872-ல் சொல்லியிருக்கிறது. ஜப்திக்கு வரும் அமீனாவும், இடத்தைப் பார்க்க வரும் கமிஷனரும் ஜட்ஜுகள் அல்ல. ஜட்ஜின் உத்தரவுக் காகிதம் இருந்தால்தான் அவர்களுக்கு அதிகாரம். காகிதத்தைக் காட்டு என்று கேட்பது உங்கள் உரிமை.

ஜட்ஜ் அல்லாத ஜட்ஜுகள்

இவ்வளவு ஏணி இருந்தும் நம்மில் பலர் யாரிடம் போகிறார்கள்? ஜாதிப் பஞ்சாயத்துக்குப் போகிறார்கள். அல்லது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். கடனுக்கும் சொத்துக்கும் தீர்ப்புச் சொல்லப் போலீசுக்கு அதிகாரம் கிடையாது. கட்டப் பஞ்சாயத்தோ அதைவிட ஆபத்து. ஜாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்களை ஊரைவிட்டுத் தள்ளுவதும், அபராதம் போடுவதும், தண்ணீரை நிறுத்துவதும் அங்கே தீர்ப்பு. இவை சட்ட விரோதமானவை, அடியோடு ஒழிக்கப்பட வேண்டியவை என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு, அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, சொல்லிவிட்டது. நம் மூன்று கேள்விகளை அந்தப் பஞ்சாயத்தைப் பார்த்துக் கேட்டுப் பாருங்கள். உட்கார வைத்தது பிறந்த ஜாதி. சட்டம் ஜாதிக் கட்டுப்பாடு. மேலே அப்பீல் கிடையாது. மனு செத்துவிட்டான் என்கிறார்கள். ஊர் மரத்தடியில் அவன் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறான்.

கோர்ட்டுக்குப் போகப் பணம் இல்லையே என்பீர்கள். அது நிஜமான குறைதான். ஸ்டாம்புக்கும் வக்கீல் பீசுக்கும் கொடுக்க முடியாமல் நியாயத்தை விட்டவர்கள் ஏராளம். ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. கோர்ட்டுக் கட்டணம் கட்ட வகையில்லாதவன் அதைக் காட்டி மனுப்போட்டுக் கட்டணமில்லாமலே வழக்குத் தொடரலாம். 1987-ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டவர்களுக்கும், மலைஜாதியாருக்கும், குழந்தைகளுக்கும், அங்கம் ஊனமானவர்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். இது தர்மமல்ல, பாத்தியதை.

கூண்டில் ஏறினால் சாமி பேரால்தான் சத்தியம் செய்ய வேண்டும் என்று பயப்படவும் வேண்டாம். 1969-ம் வருஷத்துப் பிரமாணச் சட்டப்படி, விரும்புகிறவன் கடவுள் பெயரை இழுக்காமல் உறுதிமொழி மட்டும் சொல்லிச் சாட்சி கொடுக்கலாம். கடவுள் பெயரால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லுகிறவர்கள் நிறைந்த கோர்ட்டிலே, கடவுளை விட்டுவிட்டு நிஜம் சொல்லுகிறவன் ஒருவனாவது இருக்கட்டுமே!

சட்டமே கெட்டதானால்?

இனி முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏணி இருந்துவிட்டால் மட்டும் நியாயம் கிடைத்துவிடாது. கமுதி வழக்கைப் பாருங்கள். 1897-ல் கமுதியில் நாடார் சமூகத்தார் மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் போனார்கள். கோவில் தீட்டுப்பட்டுவிட்டதென்று தர்மகர்த்தாவான ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். அதே 1897-ம் வருஷம் ஆரம்பத்தில்தான் அவர் விவேகானந்தரைப் பாம்பனில் வரவேற்றுக் கொண்டாடினார் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். இது சிவில் வழக்கு. மதுரை சப் கோர்ட்டு 1899-ல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிற்று. சென்னை ஹைகோர்ட்டு 1901-ல் அதையே சொல்லிற்று. லண்டன் பிரிவி கௌன்சில் 1908-ல் அதையே சொல்லிற்று. ஏணியின் உச்சி வரைக்கும் ஏறியும் கோவில் கதவு திறக்கவில்லை. ஏன்? ஜட்ஜுகள் எல்லோரும் கையில் வைத்திருந்தது வழக்கம் என்ற ஒரே புத்தகம். கண்ணாடியை எத்தனை தடவை மாற்றினாலும் புத்தகத்தில் உள்ள எழுத்து மாறுமா? அது எப்போது மாறிற்று? சென்னை மாகாணத்தில் 1939-லும் 1947-லும் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வந்த பிறகுதான்.

நம்முடைய சுயமரியாதைத் திருமணத்தின் கதையும் இதுவே. புரோகிதர் இல்லை, அக்கினி இல்லை, ஆதலால் அது செல்லுபடியான விவாகமாகாது என்று 1953-ல் சென்னை ஹைகோர்ட்டு சொல்லிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் மானமும் பிள்ளைகளின் சொத்தும் ஒரு தீர்ப்பினால் ஆட்டங் கண்டன. அந்த ஜட்ஜுகளைத் திட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அண்ணாதுரை மந்திரிசபை 1967-ல் இந்து விவாகச் சட்டத்தைத் திருத்திற்று. மாலை மாற்றிக்கொண்டோ, மோதிரம் மாற்றிக்கொண்டோ, தாலி கட்டியோ தமிழ்நாட்டில் முன்னே நடந்தவையும் இனி நடப்பவையும் செல்லும் என்று ஆயிற்று. இன்றைக்கு அதே ஹைகோர்ட்டு ஜட்ஜுகள் அதை ஏற்றுத்தான் தீர்ப்புச் சொல்லுகிறார்கள். ஜட்ஜ் தப்பினால் மேல் கோர்ட்டுக்குப் போ; சட்டமே தப்பினால் சட்டசபைக்குப் போ; சட்டசபையும் தப்பினால் ஜனங்களிடத்தில் போ. இதுதான் முழு ஏணி.

நாற்காலியில் யார்?

கடைசியாக முதல் கேள்விக்கே திரும்புகிறேன். ஜில்லா ஜட்ஜ் நியமனம் ஹைகோர்ட்டைக் கலந்துதான் நடக்க வேண்டும். கீழ் ஜட்ஜுகள் எல்லோரும் ஹைகோர்ட்டின் அடக்கத்தில் இருக்கிறார்கள். கவர்னர் நினைத்தால் நயினியப்ப பிள்ளைக்குச் செய்ததுபோல் இன்று செய்ய முடியாததற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான். ஆனால் அந்த நாற்காலிகளில் எல்லா ஜனங்களும் உட்காருகிறார்களா என்பது வேறு கேள்வி. பெண்கள் வக்கீலாவதற்கே 1923-ல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. திருவாங்கூரில் அன்னா சாண்டி அம்மையார் 1937-ல் முன்சீப்பானார். 1948-ல் ஜில்லா ஜட்ஜானார். 1959-ல் கேரள ஹைகோர்ட்டு ஜட்ஜானார். ஒரு பெண் ஏணியின் ஒவ்வொரு படியாக ஏறிக் காட்டினார். நம் நாட்டில் ஏ. வரதராஜன் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்புத் தோழர் 1949-ல் முன்சீப்பாக ஆரம்பித்து, 1973-ல் சென்னை ஹைகோர்ட்டு ஜட்ஜானார். பெரியார் உயிரோடிருந்து அதைப் பார்த்தார். 1980-ல் வரதராஜன் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார். அந்தக் கோர்ட்டில் உட்கார்ந்த முதல் தாழ்த்தப்பட்ட வகுப்பு ஜட்ஜ் அவர்தான். சூத்திரன் நியாயம் சொன்னால் ராஜ்யம் சேற்றில் அமிழும் என்ற மனுவின் சாபம் என்ன ஆயிற்று? ராஜ்யம் அமிழவில்லை, சாபம்தான் அமிழ்ந்தது. ஆனாலும் மேல் கோர்ட்டு நாற்காலிகளில் பெண்களும் தாழ்த்தப்பட்டவர்களும் பிற்பட்டவர்களும் இன்னும் அவர்கள் தொகைக்கேற்ப இல்லை. அதைக் கேட்பது ஜட்ஜுகளை அவமதிப்பதாகாது. கோர்ட்டை எல்லோருடையதாகவும் ஆக்குவதாகும்.

தோழர்களே! கடலூர் ரோட்டிலுள்ள கோர்ட்டுக்கு நாளைக்கு நீங்கள் வாதியாகவோ, பிரதிவாதியாகவோ, சாட்சியாகவோ போக நேரிடலாம். அப்போது தேங்காய்க்குச் செலவிடும் காசைப் பத்திரத்தின் நகல் வாங்கச் செலவிடுங்கள். ஜோசியனைக் கேட்கும் நாழிகையில் உங்கள் வழக்கு எந்தப் படியில் இருக்கிறதென்று வக்கீலைக் கேளுங்கள். தீர்ப்பு வந்தால் அதன் நகலை வாங்கி வீட்டில் படித்த பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். அப்பீலுக்கு எத்தனை நாள் கெடு என்று அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். ஜட்ஜுக்கு மரியாதை கொடுங்கள், ஒழுங்காகப் பேசுங்கள், ஆனால் நிமிர்ந்து நின்று பேசுங்கள். அவர் நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் ஒரு மனிதர். தப்பும் செய்யக்கூடிய மனிதர். அவர் தப்புச் செய்யக்கூடும் என்று சட்டமே ஒப்புக்கொண்டுதான் அவருக்கு மேலே இன்னொரு ஜட்ஜை வைத்திருக்கிறது. தன் தப்பை ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு எந்தக் கோவிலிலும், எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை; மனிதன் செய்த இந்தக் கோர்ட்டில்தான் இருக்கிறது. அதனால்தான் அதை மனிதன் மேலும் மேலும் திருத்திக்கொள்ளவும் முடியும்.